கால் அடுத்த வாரம்

அந்தத் தையற்காரருக்கு ஒரு கொள்கை இருந்தது: போட்டுப் பார்க்காமல் எதையும் முடிக்கக் கூடாது. சட்டைக்கு ஒரு ட்ரையல், கால்சட்டைக்கு இரண்டு, கல்யாணக் கோட்டுக்கு மாப்பிள்ளை மனம் மாறும்வரை. ஒரு கோட்டுக்கு அவர் பார்த்த ட்ரையல்களில், மாப்பிள்ளையாக வந்தவர் தகப்பனாகித்தான் அதை வாங்கிப் போனார் என்று தெருவில் சொல்வார்கள். அது பொய். வாங்கிப் போனது மாமனார். மாப்பிள்ளை அதற்குள் பெருத்துவிட்டார்.

இந்தக் கொள்கையால் கடைக்குப் பெரிய சேதம் ஒன்றும் இல்லை. சேதம் தொடங்கியது, அவருடைய ஒரே மகளுக்கு ஆறு வயது நெருங்கியபோது. வீட்டில் அவளைக் குண்டூசி என்று கூப்பிடுவார்கள். ஒல்லி. எங்கே இருக்கிறாள் என்று தெரியாது, குத்தினால்தான் தெரியும்.

ஆரம்பித்து வைத்தவர் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். கான்கிரீட் கலவை லாரி ஓட்டுபவர். போய்ச் சேருவதற்குள் முதுகில் இருக்கும் சரக்கு இறுகிவிடுமோ என்ற பயத்திலேயே காலம் தள்ளியவர். அவர் கண்ணில் உலகத்தில் எல்லாமே இறுகிக்கொண்டிருந்தது.

"பொண்ணை எதுல போட்டிருக்கீங்க மாப்ளே?" என்றார், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட கை காய்வதற்குள்.

"பள்ளிக்கூடத்துல, மச்சான்."

"ஊரே போற இடத்துக்குப் போறது ஒரு போறதா? நான் கேட்டது வேற. நீச்சல், பாட்டு, சதுரங்கம், அந்த மாதிரி. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமான்னு சும்மாவா சொன்னாங்க? ஆறு முடிஞ்சா மூளை செட் ஆயிடும் மாப்ளே. அப்புறம் உடைச்சுத்தான் எடுக்கணும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த குண்டூசி தன் தலையை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து தையற்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல் கடைக்கும் வாசலுக்கும் நடந்தார். மெஷினில் உட்கார்ந்தால் கால் மட்டும் மிதித்துக்கொண்டிருக்கும், மனசு எங்கோ போயிருக்கும். ஒரு வங்கி மேலாளருக்கு இரண்டு இடது கைகளோடு ஒரு சட்டை போயிற்று. மேலாளர் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அன்று அவர் கையெழுத்துப் போட்ட எதையும் மேலிடம் ஏற்கவில்லை.

"ஒண்ணைப் பாத்து சேத்து விடுங்க, முடிஞ்சு போச்சு" என்றாள் மனைவி. நகரப் பேருந்து ஓட்டுநர் அவள். சனிக்கிழமையும் வேலை. "நான் என்ன, தினம் எந்த ரூட்டுல போகலாம்னு யோசிச்சிட்டா வண்டிய எடுக்கறேன்?"

"உனக்குப் போர்டுல எழுதிக் குடுத்துடறாங்க. குழந்தைக்கு அப்படி எழுதியா இருக்கு? போட்டுப் பாத்தாதானே தெரியும்."

போட்டுப் பார்க்க வசதியும் இருந்தது. எல்லா வகுப்புகளிலும் முதல் நாள் இலவசம். ட்ரையல் கிளாஸ் என்றுதான் அதற்குப் பெயரே. அந்த வார்த்தையைக் கேட்டதும், வெளியூரில் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் தையற்காரரின் முகம் மலர்ந்தது.

முதல் சனிக்கிழமை நீச்சல். முதல் பாடம் தண்ணீருக்குள் மூக்கை வைத்துக் குமிழி விடுவது. விடுகிற சாக்கில் குண்டூசி குடித்த தண்ணீரில் குளத்தின் மட்டம் ஒரு படி இறங்கியது. நம்பாதவர்கள் குளத்துக் காவலாளியைக் கேட்கலாம். அவர் இன்றுவரை குழாயைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார். "கையும் காலும் அடுத்த வாரம்" என்றார் பயிற்சியாளர். தையற்காரருக்குத் திருப்திதான். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வயலின் கேட்டது. அடுத்த வாரம் வயலின்.

வயலினில் முதல் பாடம், அதைத் தாடைக்குக் கீழே இடுக்கிக்கொண்டு நேராக நிற்பது. வில் அடுத்த வாரம். அடுத்த வாரம் கராத்தே. அங்கே முதல் பாடம் குனிந்து வணக்கம் சொல்வது. உதை அடுத்த வாரம். சதுரங்கத்தில் காய் அடுக்க மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். ஓவியத்தில் ஒரு வட்டம்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். தையற்காரர் ஆழம் பார்க்கத்தான் காலையே விடுவார். ஈரம் பட்டதும் எடுத்துவிடுவார். வீட்டுக்கு வரும் வழியிலேயே அவருக்கு அரிக்கத் தொடங்கும். நீச்சல் நல்லதுதான், சளி பிடிக்குமே. வயலின் நல்லதுதான், கழுத்துச் சாய்ந்துவிட்டால்? எதிர்ச் சுவரில் இன்னொரு வகுப்பின் விளம்பரம் கண்ணில் படும். இக்கரைக்கு அக்கரை பச்சை. அவருக்கோ ஆற்றுக்கு நாலைந்து கரைகள் இருந்தன.

இப்படியே போனதில், முதல் பாடத்தில் குண்டூசியை மிஞ்ச அந்த ஊரில் ஆள் இல்லை என்றாகிவிட்டது. அவள் குனிந்து வணக்கம் சொன்னால் கறுப்புப் பட்டைக்காரர்கள் பயந்து எதிர்வணக்கம் போட்டார்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் சதுரங்கக் காய்களை அடுக்குவாள். அடுக்கி முடித்து, கையைக் கட்டிக்கொண்டு பலகையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அப்பா, குதிரை எப்படிப் போகும்?"

"அது ரெண்டாவது பாடம் கண்ணு."

"ரெண்டாவது பாடம் எங்க நடக்குது?"

அது வேறு ஏதோ தெருவில், வேறு ஏதோ மாடியில் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள் குழந்தை. தையற்காரர் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் அப்போது களிமண் வகுப்பின் முகவரியைத் தேடிக்கொண்டிருந்தார்.

சைக்கிள் கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான அறை. முழங்கை வரைக்கும் மண் அப்பிய ஓர் அம்மாள்தான் டீச்சர். பேச்சு குறைவு, மண்ணே பேசிக்கொள்ளும் என்று விட்டுவிட்டவர். ஆளுக்கொரு உருண்டை கொடுத்து, "பிடிச்ச மிருகம் ஒண்ணு பண்ணுங்க. இன்னைக்கு உடம்பும் தலையும் மட்டும்" என்றார்.

குண்டூசி ஒரு மிருகம் செய்தாள். முகம் ஒரு பக்கம் பார்த்தால் மாடு, மறு பக்கம் மச்சான்.

"இது என்னம்மா?" என்றார் தையற்காரர்.

"கால் வந்தாதான் தெரியும்பா."

"கால் அடுத்த வாரம்" என்றார் டீச்சர். "உடம்பு கொஞ்சம் இறுகணும், அப்பதான் காலைத் தாங்கும். ரொம்ப இறுகிட்டா ஒட்டாது. ஈரத்துணி போட்டு வெக்கறேன். அடுத்த சனிக்கிழமை காலைல வந்துடணும் சார். வராதவங்களோடதெல்லாம் கிளாஸ் முடிஞ்சதும் வாளியில போட்டுக் கரைச்சிடுவேன். ட்ரையல் பிள்ளைங்க எங்க திரும்பி வருது? வாளிதான் நிறையுது."

குண்டூசி வாளியைப் பார்த்தாள். பிறகு பலகையில் வயிற்றின்மேல் குப்புறக் கிடந்த தன் மிருகத்தைப் பார்த்தாள். டீச்சர் அதன்மேல் ஈரத்துணியைப் போர்த்தினார்.

"வந்துடுவோம்" என்றாள். வகுப்புகளுக்குப் போகத் தொடங்கியதிலிருந்து அவள் யாருக்கும் கொடுத்த முதல் வாக்கு அது.

தையற்காரர் செருப்பைத் தேடினார். அடுத்த சனிக்கிழமை காலைக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் ட்ரையலுக்கு அவர் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். அது முடிந்ததும் எதிர் மாடியில் ட்ரம்பெட்.

அந்த வாரம் வீட்டில் எதைத் தொட்டாலும் ஈரம். குண்டூசி பென்சில் பெட்டிக்கு ஈரத்துணி போட்டாள். அப்பாவின் அளவு நாடாவுக்கு, அம்மாவின் சீருடைத் தொப்பிக்கு, செருப்புக்கு. புதன்கிழமை நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்த மச்சான், தலையில் நீர் சொட்டும் துண்டோடு அலறி எழுந்தார்.

"ஏய், என்ன பண்ற?"

"மூளை இறுகிடும்னு நீங்கதானே மாமா சொன்னீங்க? உங்களுக்கு ஆறு முடிஞ்சு எவ்ளோ நாளாச்சு!"

மனைவி சிரித்ததில், கையிலிருந்த காபி தரைக்குப் போயிற்று. மச்சான் மட்டும் துண்டை எடுக்காமல் கொஞ்சநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். "இதமாத்தான் இருக்கு" என்றார்.

"சனிக்கிழமை கால் வைக்கப் போகணும்பா" என்று தினமும் காலையில் சொன்னாள் குண்டூசி.

"பாக்கலாம் கண்ணு" என்றார் தையற்காரர். கடைக்கு வருகிறவர்களிடம் 'நாளைக்கு வாங்க' என்று சொல்கிற அதே குரல். அந்தக் குரலின் அர்த்தம் மகளுக்குத் தெரியும். அவள் வளர்ந்ததே அந்தக் கடையில்தான்.

சனிக்கிழமை வந்தது. ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தில் தரை முழுக்க நீல மெத்தை. குழந்தைகள் வரிசையாக நின்றார்கள். குண்டூசி மெத்தையின் நடுவில் போய் வயிற்றின்மேல் குப்புறப் படுத்து, கையையும் காலையும் உடம்போடு ஒட்டிக்கொண்டாள்.

"எழுந்து நில்லும்மா" என்றார் பயிற்சியாளர்.

"கால் அடுத்த வாரம்" என்றாள் குண்டூசி.

பயிற்சியாளர் கெஞ்சினார், கொஞ்சினார், விசில் ஊதினார். பிறகு, ஜன்னல் வழியாக எதிர் மாடியின் ட்ரம்பெட் விளம்பரப் பலகையையே பார்த்துக்கொண்டு காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்த தையற்காரரிடம் வந்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. குழந்தைக்குக் கால்ல ஏதாவது பிரச்சனையா?"

தையற்காரர் ஓடிப்போய் மெத்தையில் மண்டியிட்டார். "என்ன கண்ணு இது? எல்லாரும் பாக்கறாங்க."

"அது படுத்துக்கிட்டே இருக்குப்பா. நிக்க முடியாம. இப்ப துணிய எடுத்துடுவாங்க."

அவருக்கு வியர்த்தது. கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். மண் வேலையில் என்ன எதிர்காலம் இருக்கிறது? நீச்சலென்றால் ஆரோக்கியம், சதுரங்கமென்றால் மூளை. மண்ணென்றால் அழுக்குத்தானே? இன்னும் ட்ரம்பெட்டைப் பார்க்கவில்லை. ஒருவேளை ட்ரம்பெட்தான் சரியாக இருந்து, அது தெரியாமலே இதில் மாட்டிக்கொண்டால்?

"நல்லா யோசிச்சுச் சொல்லு. உனக்கு மண் வேலைதான் வேணுமா? வாழ்நாள் பூரா—"

"வாழ்நாள் பூரா யாருப்பா கேட்டா? கால் வைக்கிற வரைக்கும்."

  தன் கடையின் கொடியில், கையில்லாத சட்டைகளும் காலர் இல்லாத சட்டைகளும் தொங்கிக்கொண்டிருந்தது ஏனோ தையற்காரருக்கு அப்போது ஞாபகம் வந்தது. மகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். வழியில் எந்தப் பலகையையும் பார்க்கக் கூடாது என்று தலையைக் குனிந்தே ஓடியதில் ஒரு தபால் பெட்டியோடு மோதி, அதனிடம் மன்னிப்பும் கேட்டார்.

தகரக் கூரைக்குள் வகுப்பு முடிந்து பிள்ளைகள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் வாளியை இழுத்து வைத்து, பலகையில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். தலையும் உடம்புமாக எதுவோ ஒன்று குமிழி விட்டபடி மூழ்கியது. முதல் பாடத்திலேயே நின்றுபோன ஒன்று. அடுத்து, மாடும் மச்சானுமான அந்த முகம் டீச்சரின் கையில் இருந்தது.

"மிஸ்!" என்று அப்பாவின் தோளிலிருந்தே கத்தினாள் குண்டூசி.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். மிருகத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். "லேட்டு. இறுகிட்டு வருது. ஒட்டினாலும் நிக்குமான்னு சொல்ல முடியாது."

"நிக்கும்" என்றாள் குண்டூசி, இறங்கி, தன் சொந்தக் காலில் நின்றபடி.

அவள் நாலு கால் உருட்டினாள். ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஒட்ட வேண்டிய இடத்தைக் கீறி, குழைத்த மண்ணைத் தடவச் சொல்லிக் கொடுத்தார் டீச்சர். காலை வைத்து அழுத்தியதும் மிருகத்தைத் தூக்கித் தையற்காரரின் இரண்டு கைகளுக்கு நடுவே கொடுத்தார்.

"பிடிங்க சார். கால் பிடிக்கிற வரைக்கும் அசையக் கூடாது. அசைஞ்சா கழண்டுடும்."

"எவ்வளவு நேரம்?"

"அது பிடிக்கிற வரைக்கும்."

அந்த மனிதர் அன்றுவரை எங்கும் அசையாமல் இருந்ததில்லை. புகைப்படம் எடுத்தால் அவருக்கு மட்டும் இரண்டு முகம் விழும். இப்போது நின்றார். மூக்கு அரித்தது. முட்டி தானாக மெஷின் மிதிக்கப் பார்த்தது. பல்லைக் கடித்து நிறுத்தினார். சட்டைப் பையில் போன் அடித்தது. அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. குண்டூசி மண் கையாலேயே அதை எடுத்தாள்.

"ட்ரம்பெட் கிளாஸா? அப்பா காலைப் பிடிச்சிட்டிருக்காங்க, பேச முடியாது."

மறுமுனை ஏதோ கேட்டது.

"யார் காலா? தெரியல. வால் வந்தாதான் தெரியும்." போனைத் திரும்பப் பைக்குள் போட்டாள்.

தையற்காரர் மூச்சைக்கூடப் பாதிதான் விட்டார். அவ்வளவு நேரமும் தன் பிடியில் மகளின் கைரேகை பதிந்த ஒரு முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் டீச்சர் தலையசைத்தார். மெதுவாகப் பலகையில் இறக்கினார்கள், கையை எடுத்தார்கள். மிருகம் ஒருமுறை தள்ளாடியது. இடது பக்கம் சாய்ந்தது. சாய்ந்தபடியே நின்றது.

குண்டூசி கத்தவில்லை, குதிக்கவில்லை. அதற்கு ஒரு கராத்தே வணக்கம் மட்டும் போட்டாள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த மனைவி, தொப்பியைக் கழற்றாமலே கேட்டாள்: "என்ன, ஏதாவது முடிவு பண்ணீங்களா, இல்ல இன்னும் ஸ்டாப் ஸ்டாப்பா இறங்கி ஏறிட்டுத்தான் இருக்கீங்களா?"

மேஜைக்கு அடியில் தையற்காரரின் கால் தன் பாட்டுக்கு இல்லாத மெஷினை மிதித்துக்கொண்டிருந்தது. நகத்திடுக்கில் மண் காய்ந்திருந்தது. அவர் மகளைப் பார்த்தார். மகள் அவரைப் பார்த்தாள்.

"வால் வரைக்கும் முடிவு பண்ணியிருக்கு" என்றார்.