யாரும் திறக்காதீங்க

தொலைக்காட்சி நிலையத்துப் பெண் போனில் பேசி முடித்தபோது, தலையணை உறையில் பாதி இறங்கிய ஊசி அப்படியே நின்றிருந்தது.

"வெள்ளிக்கிழமை காலை நிகழ்ச்சியில உங்க சட்டையைக் காட்டுறோம் மேடம். கீழ உங்க வலைப்பூ முகவரியும் ஓடும். ஒண்ணே ஒண்ணு. போன தடவை நாங்க காட்டின தளம் கூட்டம் தாங்காம அப்பவே படுத்துடுச்சு. உங்களுது தாங்கும்ல?"

"தாங்கும்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் 'தாங்குமா?' என்று யோசித்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் துணி அறையில் அவள் தையல்காரி. கிழிந்த விரிப்பும் அறுந்த நாடாவும்தான் அவள் உலகம். பையில் எந்நேரமும் பட்டன் குலுங்கியதால் கணவன் அவளைப் 'பட்டன்' என்று கூப்பிட ஆரம்பித்து, இப்போது மொத்தக் குடும்பத்துக்கும் அவள் பட்டன்தான். மாமியாருக்கு மார்பில் அறுவை சிகிச்சை நடந்து வீடு திரும்பிய நாளில், கையைத் தூக்கி ஒரு சட்டை போட முடியாமல் அந்த அம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள். அன்று உட்கார்ந்து தைத்ததுதான் அந்தச் சட்டை. முன்பக்கம் முழுக்கத் திறக்கும், தோளிலும் பட்டன், காயத்திலிருந்து வரும் குழாயின் பையைச் செருகிக்கொள்ள உள்ளே ஒரு பாக்கெட். அதன் அளவுகளை வரைந்து, யார் வேண்டுமானாலும் அச்செடுத்து வெட்டித் தைத்துக்கொள்ளட்டும் என்று வலைப்பூவில் போட்டிருந்தாள். ஒரு நாளைக்கு இருபது பேர் வந்தாலே அவளுக்குத் தலைகால் புரியாது.

வலைப்பூ குடியிருக்க இணையத்தில் ஓர் இடம் வேண்டும். ஹோஸ்டிங் என்கிறார்களே, அது. அதைக் கொடுத்தவன் கொழுந்தன். ஆறடி வளர்ந்தும் வீட்டில் அவன் 'குட்டி'. வாடகைக்கு ஒரு சர்வரை எடுத்து, அதைக் கூறு போட்டு, பேக்கரிக்கும் டியூஷன் சென்டருக்கும் கொடுத்துப் பிழைக்கிறான். அதில் ஒரு மூலையை அண்ணிக்கு இலவசமாக ஒதுக்கியிருந்தான். அந்த மூலை தாங்குமா என்று அவனிடமே எப்படிக் கேட்பது?

கேட்காமல், சாப்பாட்டு இடைவேளையில் திருட்டுத்தனமாக வேறு இடம் தேடினாள். ஒரு கம்பெனி 'எல்லையில்லாத வருகை' என்றது. கீழே எறும்பு எழுத்தில் எல்லை இருந்தது. இன்னொன்றில் சர்வர் முழுவதும் உனக்கே, ஆனால் ராத்திரி பகல் நீயே கட்டி மேய்க்க வேண்டும். மூன்றாவது, கூட்டத்துக்குத் தகுந்தபடி தானே விரிந்து தானே சுருங்குமாம். அதையே ஒருவர் ஆகா ஓகோ என்று புகழ்ந்திருந்தார், அடுத்தவர் மண்ணை வாரித் தூற்றியிருந்தார். படிக்கப் படிக்கப் பயம்தான் கூடியது.

"குட்டிகிட்டக் கேட்டா என்ன?" என்றான் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக்.

"மனசு கஷ்டப்படுவானேங்க."

"லிஃப்ட்ல எட்டுப் பேர்னு எழுதியிருக்கும். பதினஞ்சு பேர் ஏறிட்டு, நகரலைன்னு எனக்கு போன் பண்ணித் திட்டுவாங்க. ஏறுறதுக்கு முன்னாடியே கேட்டுடு பட்டன்."

அன்று மாலை சாப்பிடும்போது கேட்டே விட்டாள். குட்டி சிரித்தான். "அண்ணி, லட்சம் பேர் வந்தாலும் அசையாது. என் சர்வர் யானை!"

"அப்படின்னா யானை மேல ஏறிப் பாத்துட வேண்டியதுதான்" என்று கணவன் குடும்ப வாட்ஸப் குழுவில் தட்டினான்: 'நம்ம பட்டனோட வலைப்பூவை எல்லாரும் உடனே திறந்து பாருங்க. தாங்குதான்னு சோதனை.'

பாசக்காரக் குடும்பம். சித்தி தன் போனில் திறந்தது போதாதென்று சித்தப்பா போனிலும் திறந்தாள். பெரியப்பா தன்னோடு நடைப்பயிற்சி போகிற அத்தனை பேருக்கும் அனுப்பினார். அத்தை மகள்கள் அலுவலக நண்பர்களைச் சேர்த்தார்கள். பக்கம் வர மெதுவானதும், பட்டனுக்கு நம்மால் ஆன உதவி என்று ஆளாளுக்கு மறுபடி மறுபடி அழுத்தினார்கள்.

யானை படுத்துவிட்டது.

அவள் வலைப்பூ மட்டுமா? அதே சர்வரில் இருந்த பேக்கரியும் டியூஷன் சென்டரும் சேர்ந்து விழுந்தன. குட்டியின் போன் அடிக்கத் தொடங்கியது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவியவன், யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய்விட்டான்.

"என் வாயில மண்ணு" என்றான் கணவன்.

மறுநாளும் குட்டி வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. வியாழக்கிழமை ஆகிவிட்டது. அவள் மூன்றாவது கம்பெனியைத் தேர்ந்தெடுத்திருந்தாள். தேர்ந்தெடுத்து என்ன? வலைப்பூவின் முகவரி குட்டியின் பெயரில் இருந்தது. அதைப் புது இடத்துக்குத் திருப்பிவிட அவனால்தான் முடியும். திருப்பினாலும் ஊர் உலகத்துக்குத் தெரிய மணிக்கணக்காகலாம். நாளைக் காலையில் யாரோ ஒருத்தி, வலிக்கிற தோளோடு, திரையில் பார்த்த முகவரியைத் தட்டி வெறும் வெள்ளைப் பக்கத்தைப் பார்ப்பாள். இன்னொரு முறை தட்டுவாளா? மாமியாராக இருந்தால் தட்டியிருக்க மாட்டாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பியிருப்பாள்.

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த அவன் அறைக்குப் போனாள். கதவு திறந்தேதான் இருந்தது. குட்டி சவரம் செய்யாத முகத்தோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தான்.

"வேற இடம் பாத்துட்டீங்கல்ல அண்ணி?"

"பாத்துட்டேன்."

"எங்கம்மாவுக்கு நீங்க தச்ச சட்டைக்குப் பதிலா என்னால குடுக்க முடிஞ்சது அந்த ஒரு மூலைதான். அதையும் காலி பண்றீங்க."

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"குட்டி, அத்தை இளைச்சப்போ அந்தச் சட்டையைப் பிடிச்சுத் தச்சேன். உடம்பு தேறினப்போ பிரிச்சுவிட்டேன். அளவு மாறினா பிரிக்கத்தான் வேணும். தச்சவளுக்கு அதுல என்னடா அவமானம்?"

நகத்தைக் கடித்தான். பிறகு கையை நீட்டி அவள் போனை வாங்கிப் பார்த்தான்.

"கம்பெனி சரி. ஆனா நீங்க பாத்து வச்சிருக்கிற பிளான் தப்பு. இது கடைக்காரங்களுக்கானது."

"எனக்கென்ன தெரியும்? அதுக்குத்தானே உன்னத் தேடி மாடி ஏறி வந்தேன்."

"முதல்லயே வந்திருக்கலாம்."

"நீ யானை மேல இல்ல உக்காந்திருந்தே!"

குட்டி சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே நாற்காலியைத் திருப்பினான். சட்டை அளவுகள் இருந்த கனமான கோப்புகளைத் தனியாக வேறொரு கிடங்கில் வைத்தான். வலைப்பூவின் பக்கங்களை முன்கூட்டியே தயார் செய்து அடுக்கினான். "ஆள் வந்தப்புறம் துணி வெட்டிட்டு இருந்தா மூச்சு முட்டும் அண்ணி. தச்சு மடிச்சு வச்சுட்டா எடுத்துக் குடுக்கிறதுதான் வேலை." கடைசியில் முகவரியைப் புது இடத்துக்குத் திருப்பிவிட்டு, "இனி நம்ம கையில இல்ல" என்றான். அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை கணவன் வேலைக்குக் கிளம்பாமல் ஏதோ ஸ்பேனரைத் தேடுவதுபோல் கூடத்தையே சுற்றிக்கொண்டிருந்தான். குடும்பக் குழுவில் அவள் விடிந்ததுமே எழுதிப் போட்டிருந்தாள்: 'தயவுசெஞ்சு யாரும் திறக்காதீங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.' மாமியார் தன் போனை மடியில் கவிழ்த்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரையில் சட்டை வந்தது. யாரோ ஒரு மாடல் அதை மாட்டிக் காட்ட, நிகழ்ச்சிக்கு வந்திருந்த ஒரு டாக்டரம்மா தோள் பட்டனைக் கழற்றி விளக்கினார். கீழே முகவரி ஓடியது. எல்லாரும் குட்டியின் லேப்டாப்பைப் பார்த்தார்கள்.

வலைப்பூவுக்கு வருகிறவர்களின் கணக்கு பூஜ்யத்தில் நின்றது.

முகவரி இரண்டாவது முறை ஓடியது. பூஜ்யம். அவள் திரையை நெருங்கிப் பார்த்தாள். 'வந்தவங்க எல்லாம் வாசல்லயே திரும்பிட்டாங்களா?' கணவன் வந்து அவள் பின்னால் நின்று, தோளில் கை வைத்தான்.

"டேய் குட்டி" என்றான்.

"இருண்ணா..." குட்டிக்கு நெற்றியெல்லாம் வியர்வை. திடீரென்று தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ! பழைய வீட்டு வாசல்லயே உக்காந்து எண்ணிட்டிருக்கேன்!"

பழக்க தோஷத்தில் தன் சர்வரின் கணக்கைத்தான் அவன் திறந்து வைத்திருந்தான். புது இடத்தின் பக்கத்துக்கு மாறியபோது, அங்கே எண் ஓடிக்கொண்டிருந்தது. வாசிக்க விடாமல் ஓடியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழும் விழும் என்று பார்த்தாள். விழவில்லை.

"சட்டை அளவை மட்டும் எத்தனை பேர் எடுத்திருக்காங்க பாருங்க அண்ணி" என்று குட்டி திரையைத் திருப்பினான். அதற்குள் முதல் பின்னூட்டம் வந்து விழுந்தது. 'அக்கா நாளைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறாள். துணி எடுத்துவிட்டேன். தோள் பட்டனைப் பெரிதாக வைக்கலாமா?'

அவள் வாய்விட்டுப் படித்தாள். படிக்கும்போதே குரல் உடைந்தது. "வைக்கலாம், வைக்கலாம்" என்று திரையைப் பார்த்தே பதில் சொன்னாள். கணவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மாமியார் அவர்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மடியில் இருந்த கைகள் இன்னும் போனை விட்டு எடுக்கவில்லை.

"ஏண்டா, இப்பவாவது நான் திறக்கலாமா?"

"திறம்மா" என்றான் குட்டி. "யானையெல்லாம் இல்ல. ஆனா தாங்கும்."