சாம்பல் பூசிய கல்

சிமெண்டில் நூற்றுக்கு முப்பது பங்கைக் குறைத்துவிட்டு, அதற்குப் பதில் சுட்ட களிமண் தூளைப் போடலாம் என்று என் மனைவி ஜரினா சொன்னாள்.

"மாசமா இருந்தப்ப நீ மண்ணு தின்ன. இப்ப கல்லுக்கும் ஊட்டப் போறியா?" என்று கேட்டேன். மூன்று நாள் எனக்குச் சோறு கிடைத்தது, குழம்பு கிடைக்கவில்லை.

திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எங்களுடையது சின்ன ஹாலோ பிளாக் பட்டறை. பதினைந்து வருஷமாகக் கலவை போடுகிறவன் நான். ஏதோ காலேஜில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்தவள் எனக்கே பாடம் எடுத்தால் வயிறு எரியாதா? எரிந்தது. களிமண்ணைச் சும்மா கலக்கக் கூடாதாம். எழுநூறு, எண்ணூறு டிகிரியில் சுட்டு, மாவாக அரைத்தால்தான் சிமெண்டோடு சேர்ந்து இறுகுமாம். ஆயிரம் கல் போட்டாள். பதினாலு நாள் சாக்கு போர்த்தித் தண்ணீர் விட்டாள். பெற்ற பிள்ளைகளைக்கூட அப்படிக் குளிப்பாட்டியதில்லை. கல் நன்றாகத்தான் இறுகியது. நிறம்தான் ரோஸ்.

திருமுல்லைவாயிலில் மாடி கட்டும் பரந்தாமன் கல்லைப் பார்க்க வருவதாகச் சொன்னார்.

"மொதோ ஆளு. அவரு வாணான்ட்டா நான் இந்தப் பட்டறைப் பக்கமே வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஜரினா சென்னீர்குப்பத்தில் அம்மா வீட்டுக்குப் போனாள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. ரோஸ் கல்லை எவன் வாங்குவான்? அவள் திரும்புவதற்குள், மூன்று நாளில், ஆயிரம் கல்லையும் சிமெண்டைத் தண்ணீரில் கரைத்த பாலில் முக்கி எடுத்து வைத்தேன். பார்க்க அசல் சாம்பல் கல்.

பரந்தாமன் வந்ததும் வண்டிச் சாவியால் ஒரு கீறல் போட்டார். உள்ளே ரோஸ்.

"இன்னா பாய், கல்லுக்குப் பவுடர் போட்டு கலப்படத்த தள்ளப் பாக்குறியா?"

அப்போதுதான் ஆட்டோவிலிருந்து இறங்கிய ஜரினா கல்லைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, பூச்சு இவரு வேலை. கல்லு என் வேலை. ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க" என்றாள்.

வேலியோரம் கிடந்த என்னுடைய முழு சிமெண்ட் கல் ஒன்றைத் தோள் உயரம் தூக்கிப் போட்டாள். மூன்று துண்டு. அவளுடையதைப் போட்டாள். முனை மட்டும் லேசாகப் பெயர்ந்தது.

"இவரு கல்லுக்கு ரெண்டே நாள்தான் தண்ணி காட்டுவாரு" என்று எஸ்டேட்டுக்கே கேட்கும்படி சொன்னாள்.

பரந்தாமனுக்கு நம்பிக்கை வரவில்லை. அவள் கல்லில் இன்னும் நான்கைத் தானே தூக்கிப் போட்டார். ஒன்றும் உடையவில்லை. மூச்சு வாங்கியபடி, "ஆயிரமும் எனக்கே குடும்மா. இந்தப் பூச்சு மட்டும் வாணாம், பாத்தாலே திருட்டுக் கல்லு மாரி கீது" என்றார்.

ஜரினா கம்பி பிரஷ்ஷை என் கையில் கொடுத்தாள்.

இன்று பதினோராவது நாள் தேய்க்கிறேன். பாதிகூட முடியவில்லை. பதினைந்து வருஷத்தில் நான் போட்ட கலவையிலேயே உறுதியாக நிற்பது இந்தப் பூச்சுதான்.