குச்சி தேடாத மாத்திரை

காரில் தண்டவாளத்தைத் தாண்டியதும் போலீஸ் வேன் நிற்பதைப் பார்த்து லோர்னா பாஸ்கோவுக்குப் பயம் வரவில்லை, அலுப்புதான் வந்தது. அறுபத்திரண்டு வயதில் போதைச் சோதனைக்கென்று கண்டவனுக்கெல்லாம் நாக்கை நீட்டிக் காட்டுவது அவளுக்குப் புளித்துப்போயிருந்தது.

போன வருஷம் இதே இடத்தில்தான் மாட்டினாள். முதுகு வலிக்கு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து, மருந்துக் கடையில் முறையாக வாங்கிய கஞ்சா எண்ணெய். முந்தின நாள் படுக்கும்போது நாக்குக்கடியில் அரை மில்லி விட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். புட்டியில் 'மயக்கமாக இருந்தால் வண்டி ஓட்டாதீர்கள்' என்று ஒட்டியிருந்ததைக் கான்ஸ்டபிளிடம் பெருமையாக வேறு காட்டித் தொலைத்தாள்.

"எனக்குத்தான் மயக்கமே இல்லியேப்பா."

"மயக்கத்த நாங்க பாக்கறதில்லம்மா. இந்தக் குச்சில ஒட்டற எச்சில்ல அந்தச் சரக்கு இருக்கான்னுதான் பாக்கறோம்."

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டத்துக்கு டாக்டர் சீட்டும் ஒன்றுதான், தெருமுனைப் பொட்டலமும் ஒன்றுதான். மூன்று மாதம் லைசென்ஸ் போயிற்று.

மறதி நோயில் விழுந்த கணவன் டெஸ்மண்ட் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தான். அவள் ஊட்டினால்தான் மதியச் சாப்பாட்டுக்கு வாயைத் திறப்பான். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. பக்கத்து வீட்டு மெர்வின் வாரம் ஒரு தடவை கூட்டிப்போனான். "ஒன்னால நான் டாக்சிக்காரனாயிட்டேன். அடுத்த வாரம் மீட்டர் மாட்டிருவேன்" என்பான். லோர்னாவுக்குச் சிரிப்பு வராது. அந்த மூன்று மாதத்தில் டெஸ்மண்ட் எட்டுக் கிலோ இளைத்துவிட்டான்.

கோர்ட்டில் அவளுக்காக வாதாடிய வக்கீலம்மாதான் வழி சொன்னாள். "எண்ணெய விட்டுட்டுப் பழைய வலி மாத்திரைக்கே போயிருங்க, லோர்னா. அத அவங்க குச்சி தேடறதே இல்ல."

"அத முழுங்குனா பட்டப்பகல்லயே கண்ணு சொருகுமே."

"சொருகாம பாத்துக்குங்க. சொருகிக்கிட்டே ஓட்டினா அதுவும் குத்தந்தான்."

இன்றைக்கும் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் கிளம்பியிருந்தாள். வரும் வழியில் ஒருமுறை சக்கரம் ஓரத்துச் சரளையில் இறங்கி, அந்தச் சத்தத்தில்தான் விழித்தாள். வேனருகே நின்றவன் அதே கான்ஸ்டபிள். நாக்கில் குச்சியைத் தேய்த்து வாங்கிப் போனான். அவன் திரும்பி வருவதற்குள் அவள் தலை இரண்டு தடவை தொங்கிப்போயிற்று.

"ஒண்ணும் இல்லம்மா. சுத்தமா இருக்கீங்க."

"இந்த மரத்தடியில கொஞ்ச நேரம் கண்ண மூடிட்டுப் போறேனேப்பா."

அவன் அதற்குள் பின்னால் நின்ற லாரியைக் கைகாட்டி அழைத்துக்கொண்டிருந்தான். "இங்க நிறுத்தக் கூடாதும்மா, சோதனை பண்ற எடம். பத்துக் கிலோமீட்டர்ல ஓய்வெடுக்கற எடம் இருக்கு, அதுவரைக்கும் ஓட்டிட்டுப் போயிருங்க."

லோர்னா கண்ணாடியை இறக்கிவிட்டு, தன் கன்னத்தில் தானே ஓர் அறை விட்டுக்கொண்டு, வண்டியை எடுத்தாள். பத்தாவது கிலோமீட்டரில் ஓய்விடத்தின் பலகை வந்தது. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. பன்னிரண்டு அடித்தால் டெஸ்மண்டின் முன்னால் தட்டை வைப்பார்கள், அவன் வாயை இறுக மூடிக்கொண்டு கதவையே பார்ப்பான்.

இன்னோர் அறை விட்டுக்கொண்டு அவள் பலகையைத் தாண்டிப் போனாள்.