சகுனத்தின் தோல்பை

அந்த மெக்கானிக், பழைய கார்கள் ரிப்பேராகி நிற்பதற்குக் கால் மணி நேரம் முன்பே அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். பதினோரு வருடங்களில் ஒருமுறைகூடத் தாமதமானதில்லை. தோளில் ஒரு தோல்பை. அதற்குள் பாயிண்ட், ரோட்டார், காயில், பிளக், கண்டென்சர் என்று எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் சாமான்கள் மட்டும். எங்காவது ஒரு கார் நிற்கப்போகிறதென்றால் அதற்கு வேண்டிய சாமான் பைக்குள் சூடாகத் தொடங்கும். எந்தப் பக்கம் போனால் சூடு ஏறுகிறதோ அந்தப் பக்கம் நடப்பார், தூரமென்றால் பஸ் பிடிப்பார். கை பொறுக்காத இடம் வந்ததும் சாலையோரம் நிற்பார். கார் வரும், இரண்டு தடவை இருமும், அவர் முன்னால் அடங்கிப்போகும்.

கார்க்காரர்கள் இதை நல்லவிதமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்குச் சகுனம் என்று பேர் வைத்தார்கள். பல் டாக்டர் ஒருவர் தூரத்தில் அவரைக் கண்டதும் காரைத் திருப்பி வேறு வழியாகப் போனார். அந்த வழியில் பாலத்தின் முனையில் சகுனம் நின்றுகொண்டிருந்தார். டாக்டரின் கார் அவர் முன்னால் இருமி நின்றது.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்குய்யா, அவ்வளவுதான். நீ பானெட்ல கை வைக்காதே" என்றார் டாக்டர்.

"எல்லாரும் பெட்ரோலத்தான் சொல்வாங்க சார். சொத்தைப்பல்லு உள்ள இருக்கும், கன்னத்தைத் தடவிக்கிட்டே உங்ககிட்ட வர்றாங்கல்ல, அந்த மாதிரி" என்று சொல்லிவிட்டு அவர் கண்டென்சரை மாற்றினார். கட்டைவிரல் அளவு தகர உருளை அது. அது போனால் பொறி போய்விடும்.

கழற்றிய சாமானை அவர் எறிவதில்லை. துடைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். கொட்டகையில் உதிரிக்காக வாங்கிப்போட்ட பச்சைக் கார் ஒன்று எலும்பும் தோலுமாக நின்றது. அதன் பின்சீட்டில் ஒரு டப்பா. அதில் போடுவார், மறந்துவிடுவார்.

இந்தப் பிழைப்பில் உட்கார நேரமில்லை. தட்டில் சாப்பாடு பாதி இருக்கும்போது ரோட்டார் சுடும். குடும்பப் போட்டோக்களில் அவருடைய முழங்கை மட்டும்தான் இருக்கிறது. மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த ஏழு நாளும் பையில் ஏதாவது ஒன்று சுட்டுக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தபின் அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். வீட்டில் ஏதோ குறை என்று அவருக்கும் தெரிந்தது. மிக்ஸி வாங்கிவந்தார். அடுத்த வருடம் மின்விசிறி வாங்கிவந்தார். சொந்த வீட்டு விஷயத்தில் அவரும் பெட்ரோலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கொட்டகையில் அவ்வப்போது சத்தம் கேட்டது. எலி என்றாள். நம்பினார்.

ஒருநாள் காலை அவள், "இன்னைக்கு ஒரு நாள் வீட்ல இருங்களேன், பேசணும்" என்றாள். அப்போது பார்த்துக் கண்டென்சர் சுட்டது. "வந்துடறேன்" என்று செருப்பை மாட்டினார். பதினோரு வருடங்களாகக் கிளம்பும்போது அவர் சொல்வது அந்த ஒரு வார்த்தைதான்.

தெருமுனையைத் தாண்டியதும் கண்டென்சர் ஆற ஆரம்பித்தது. கிழக்கே நடந்தார், ஆறியது. மேற்கே போய்ப் பார்த்தார், இன்னும் ஆறியது. கண்டென்சரே கெட்டுவிட்டதென்று நினைத்து, பஸ் நிலையம்வரை போய் ஒரு மணி நேரம் வீணாகச் சுற்றினார். அலுத்துப்போய் வீட்டுப் பக்கம் திரும்பியபோது அது மறுபடி சுட்டது. சொந்தத் தெருவின் முனையில் உள்ளங்கை பொசுங்கியது. பழக்கதோஷத்தில் அங்கேயே நின்றார். கால் மணி நேரம் கழித்து அவருடைய வீட்டிலிருந்து பச்சைக் கார் வந்தது, இரண்டு தடவை இருமியது, நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள் அவர் மனைவி. பக்கத்து சீட்டில் துணிப்பெட்டி இருந்தது.

"எனக்காக ஒரு நாளாவது இப்படி முன்னாடியே வந்து நின்னிருக்கீங்களா?" என்றாள்.

"கண்டென்சர்" என்றார் அவர்.

"தெரியும். பல் டாக்டர் வண்டிலேர்ந்து நீங்க கழட்டிப் போட்டது. இதுல இருக்கிறது எல்லாமே நீங்க கழட்டிப் போட்டதுதான். மாட்டினது நான்."

"எங்க போறே?"

"போறேன்."

வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் போயிட்டு வர்றேன் என்றுதான் சொல்வார்கள். அவள் 'வர்றேன்' சேர்க்கவில்லை. மாற்றவேண்டிய கண்டென்சர் அவர் கையில் இருந்தது. மாற்றாவிட்டால் கார் நகராது. அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பானெட்டைத் திறந்தார். மாற்றினார். தீப்பெட்டி அட்டையைக் கிழித்துப் பாயிண்ட் இடைவெளியில் செருகி அளவு பார்த்தார். அவள் வைத்திருந்த இடைவெளி துல்லியமாக இருந்தது. அவர் வைத்திருந்தால்கூட அவ்வளவுதான் வந்திருக்கும்.

"அடிச்சுப் பாரு."

எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் பானெட்டை மூடிவிட்டு வழியை விட்டு விலகி நின்றார். அவள் கியர் போடவில்லை.

"பையில இப்ப எது சுடுது?"

கையை விட்டுப் பார்த்தார். "காயில். லேசா."

"யார் வண்டிக்கு?"

காருக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "இதுக்குத்தான். நாப்பது கிலோமீட்டர் தாங்கும்."

"உக்காந்தா அதுவரைக்கும் எந்திரிக்க வேண்டாமில்ல?"

"வேண்டாம்."

அவள் பெட்டியைப் பின்சீட்டுக்குத் தள்ளிவிட்டு, எட்டிக் கதவைத் திறந்தாள்.

நாற்பதாவது கிலோமீட்டரில் காயில் போனது. மாற்றினார். அறுபது தள்ளி ரோட்டார். வீட்டுக்குத் திரும்பவில்லை. மற்றவர்களின் கார்களுக்காகப் பை சுடுவது அதோடு நின்றது. கழித்த சாமான்களால் ஆன ஒரு கார் ஒரு மனிதருக்கு முழுநேர வேலை. ஆறு வருடங்களாகிவிட்டன. பல் டாக்டரின் கார் இப்போது நின்றால் எல்லாரையும்போல அவரும் வெயிலில் காத்திருக்கிறார். போன வாரம் நெடுஞ்சாலையில் பச்சைக் காரைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். சகுனம் எஞ்சினுக்குள் குனிந்திருந்தார், மனைவி நாற்காலி போட்டு உட்கார்ந்து டார்ச்சைப் பிடித்திருந்தாள்.

"இன்னைக்கு என்னம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

"பிளக்கு" என்றாள்.

"சரி" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.