துரையின் கூட்டைச் சுற்றிய பிளாஸ்டிக்

1

இந்தக் கதை எனக்கு உடுப்புத் தோய்க்கும் அறையில் கிடைத்தது. மொன்றியலின் லாசால் பகுதியில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் நிலக்கீழ் அறை அது. அங்குள்ள இயந்திரங்களில் ஒன்று எப்போதும் பழுது. கீழ்வீட்டுச் செல்வமலர் அக்கா துவாயை மடித்துக்கொண்டே அழுதார். ஏன் என்று கேட்டேன். சொன்னார். அழுகிறவரிடம் காரணம் கேட்பது மனிதத்தன்மை. கேட்டுவிட்டு மேலே ஓடிப்போய் எழுதத் தொடங்குவதற்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள்.

முதல் தொடக்கம்: "பனி கொட்டும் மொன்றியலில், நிறம் மாற மறந்த ஒரு பச்சோந்தி

வேண்டாம். பச்சோந்தி என்றால் நிறம், நிறம் என்றால் புலம்பெயர்ந்தவர் என்று இழுத்துக்கொண்டு போனால் மூன்றாம் வரியில் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். இந்தப் பச்சோந்திக்கு மூச்சு முட்டுகிறது. கதை அதைப் பற்றித்தான்.

2

பெயர் துரை. டோர்வல் விமான நிலையத்தருகே விமானச் சாப்பாடு கட்டும் இடத்தில் அக்காவின் கணவர் நகுலேஸ்வரன் அண்ணையோடு வேலை செய்த ஒருவர், வன்கூவருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. ஒரு காலைத் தூக்கிவிட்டு, அதை வைப்போமா விடுவோமா என்று யோசிக்கும் நடையைப் பார்த்து அண்ணை வைத்த பெயர்.

"ஓணானுக்கு வீட்டிலை அறையோ? நாளைக்கு முதலையையும் கூட்டிக்கொண்டு வாருங்கோ" என்றாராம் அக்கா.

(இந்த இடத்தில் அக்காவைக் கல்நெஞ்சுக்காரியாக வளர்த்தெடுக்கலாம் என்று ஒரு திட்டம் இருந்தது. ஆள் இடம் தரவில்லை.)

ஏனென்றால் தை மாதக் குளிரில், அண்ணை வேலைக்குப் போனதும், குளிர்காற்று வராமல் யன்னலுக்கு ஒட்டி மிஞ்சிய பிளாஸ்டிக் தாளைத் துரையின் வலைக்கூட்டைச் சுற்றி ஒட்டியவர் அக்காதான். அண்ணை வருமுன் கழற்றிவிடுவார். ஓணான்மேல் பாசம் என்று தெரிந்தால் வெட்கம். உள்ளே சூடு நின்றது. தெளித்த தண்ணீரின் ஈரமும் நின்றது. காற்றும் நின்றுவிட்டது. துரை பகலிலேயே கண்ணை மூடி, தலையை மேலே தூக்கி, வாயைத் திறந்து மூச்சுவிடத் தொடங்கியது.

"நான்தான் பிள்ளை அதைச் சாகக் குடுக்கப் போறன். அவருக்கு ஒண்டும் தெரியாது" என்று அக்கா துவாயில் முகத்தைத் துடைத்தார்.

3

இனி வருவது கதையல்ல, பராமரிப்பு. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.

துரையை மிருக டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள்; அவர் சொன்னபடி கூடு இப்போது யன்னலை விட்டு உள்ளே வந்துவிட்டது. பகலில் விளக்கின் கீழ் முன்னைவிடக் கொஞ்சம் கூடிய சூடு. இரவில் அறை மிகவும் குளிர்ந்துபோகாமல் ஒரு காவல். இலைகள் காய்ந்த பிறகுதான் மறுபடி தண்ணீர் தெளிக்க வேண்டும். பிளாஸ்டிக் கிடையாது, எல்லாப் பக்கமும் காற்று. மருந்தை ஊசியில்லாத சிறிஞ்சால் வாயில் விட வேண்டும். அண்ணை பிடிக்க, அக்கா விடுகிறார்.

[அடிக்குறிப்பு போல ஒன்று: துரைக்கு நெடி ஆகாதென்று அக்கா இப்போது வீட்டில் மிளகாய் வறுப்பதில்லை. கறித்தூள் கடையில் வாங்குகிறார்கள். யாழ்ப்பாணத்து வீடொன்றில் இது எப்பேர்ப்பட்ட தியாகம் என்று உங்களுக்கு விளங்கும். அவர்கள் வீட்டில் அடிக்கடி சாப்பிடுகிறவள் என்ற முறையில் எனக்கு நாக்கிலேயே விளங்குகிறது.]

4

பஸ் தரிப்பில் அண்ணையைச் சந்தித்தேன்.

"கூட்டை ஆரும் மூடி வைச்சனீங்களோ எண்டு டொக்டர் கேட்டவ, தங்கச்சி. ஓம், நான்தான் எண்டு சொல்லிப்போட்டன்."

"நீங்களோ மூடினது?"

"கூட்டுச் சட்டத்திலை ரேப் ஒட்டின பசை கிடந்தது. வீட்டிலை வேறை ஆர் இருக்கினம்? மலர் பக்கத்திலைதான் இருந்தவ. பிரெஞ்சிலை கதைச்சபடியால் அவவுக்கு விளங்கேல்லை. நல்ல பேச்சு வாங்கினன்" என்று சிரித்தார்.

மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, அவருக்கு விளங்காத மொழியில் அவருடைய பழியை வாங்கிக்கொண்ட மனிதர். உடனே எழுதி

5

அக்காதான் கதையை வாசித்துக் காட்டச் சொன்னார். நான்காம் பகுதியைத் தாண்டிவிடத்தான் நினைத்திருந்தேன். ஆனால் எழுதுகிறவளுக்குத் தன் நல்ல பத்தியை விட மனம் வருமா? அவர்களுடைய குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், இருவருக்கும் முன்னால், முழுவதையும் வாசித்தேன்.

"அண்டைக்கு அந்த டொக்டர் மனுசி உங்களைப் பேசினது என்னாலையோ?" என்றார் அக்கா.

"சாடையாத்தான் பேசினவ. விடும்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"நீர் எனக்குச் சொன்னனீரோ?"

அக்கா சிரித்தார். பிறகு அழுதார். பிறகு, "மருந்து குடுக்கிற நேரம்" என்று எழும்பினார். இருவரும் உள்ளே போய்விட்டார்கள். நான் தாள்களோடு குசினியில் இருந்தேன். கதைக்கு இனி நான் தேவைப்படவில்லை.

6

நான் வெளிக்கிடும்போது அக்கா வாசலில் என் கையைப் பிடித்தார். "கதைதானே பிள்ளை. அதைத் தப்ப விடுங்கோ."

முடிவு அ: துரை நாக்கை நீட்டி, சட்டென்று

அழித்துவிட்டேன். பொய் நம்பிக்கை கொடுத்துவிட்டு அவர் முகத்தில் எப்படி முழிப்பேன்?

முடிவு ஆ: ஒரு சப்பாத்துப் பெட்டி. தோண்ட முடியாமல் உறைந்து கிடக்கும் நிலம்.

இதைக் கிழித்தேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இன்று காலை வெளிச்சத்தில் துரையின் ஒரு கண் திறந்திருந்தது. இன்னும் எதுவும் சாப்பிடவில்லை. கடைசி வாக்கியத்தை இதுவரை எழுதியிருக்கிறேன்:

"பின்னேரம் அண்ணை கூட்டின் கதவை மெதுவாகத் திறந்து, ஒரு பூச்சியை இலையில் விட்டார். துரை

மீதியை நீங்கள் எழுதுங்கள். என்ன வேண்டுமானாலும் எழுதலாம், அது உங்கள் உரிமை. ஆனால் எழுதும்போது, செல்வமலர் அக்கா சிறிஞ்சைக் கையில் பிடித்தபடி பக்கத்திலேயே நிற்கிறார்.