வெள்ளிக்கிழமை வரைக்கும்

மணியம்மா செய்த ஒரே தப்பு, சட்டப்படி நடக்க நினைத்ததுதான். பன்னிரண்டு வருஷமாகத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் மிஷின் போட்டுத் தோட்டத்துப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்தாள். ஒரு நாயும் ஏனென்று கேட்கவில்லை. எழுபத்தெட்டாம் வருஷத்தில், லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் தொழில் செய்பவர்களை டவுனில் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தானா ராத்தா டவுன் ஆபீசுக்கே போய் லைசென்ஸ் கேட்டாள். வீடு தோட்டத்துடையது, மேனேஜர் துரையிடம் கடிதம் வாங்கி வா என்றார்கள்.

துரைக்குப் போகும் காகிதமெல்லாம் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, கிராணி நாகரத்தினத்தின் கையைத் தாண்டித்தான் போகவேண்டும். கூலிக் கணக்கில் தான் போடும் பேர்ப்பதிவை நம்பாமல் ஒருத்தி பிழைப்பதே அவருக்குப் பொறுக்காது. மணியம்மா கடிதம் கேட்டுப் போன மறுநாள் ஆபீஸ் பலகையில் அறிவிப்புத் தொங்கியது. லயத்து வீடுகளில் தொழில் செய்யக்கூடாது, மீறினால் வீட்டைக் காலி செய்யவேண்டும். கீழே துரையின் கையெழுத்து.

ஃபேக்டரியில் வேலை செய்த அவள் புருஷன் ரெங்கசாமி, வீடு போய்விடும் என்று பயந்து மிஷினைப் பூட்டச் சொன்னார். பூட்டினாள்.

ஒரு மாதம் கழித்துக் கிராணி மகள் செல்லத்துக்குக் கல்யாணம் வந்தது. ஆவணி முகூர்த்தம், டவுன் தையல்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். கிராணியின் பெண்சாதி துணியோடு வந்து நின்றாள். துரை கடிதம் இல்லாமல் ஊசியைத் தொடமாட்டேன் என்று மணியம்மா சொல்லிவிட்டாள். அந்தக் கடிதம் கிடைத்தால் லைசென்சும் கிடைக்கும் என்பது அவள் கணக்கு.

புதன்கிழமை கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபேக்டரிச் சங்கு ஊதும் வரைக்கும் மட்டும் தைக்கலாம் என்று கிராணி டைப் அடித்து, துரையிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். வேலையும் முடியும், லைசென்சுக்கும் உதவாது. மனுஷன் படித்தவர் அல்லவா.

மணியம்மா தைத்தாள். எட்டு ரவிக்கை முடிந்தது. ஒன்பதாவது முகூர்த்த ரவிக்கை. அதற்கு ஒரு கை வைத்தாள், சங்கு ஊதியது. மிஷினைப் பூட்டிவிட்டாள்.

சனிக்கிழமை காலை கிராணியே லயத்துக்கு வந்தார். விடிந்தால் கல்யாணம்.

"இன்னொரு கை வைக்க எவ்வளவு நேரம் ஆவும்? வச்சுக் குடு."

"கடுதாசியில வெள்ளிக்கிழமை வரைக்கும்னுதானே இருக்குங்கய்யா."

"நான்தானே எழுதுனேன். நானே சொல்றேன் லா."

"கையெழுத்து துரையோடது. அவர வந்து மாத்தச் சொல்லுங்க."

துரை ஈப்போவுக்குப் போயிருந்தார்; திங்கட்கிழமைதான் வருவார். அது இருவருக்கும் தெரியும்.

"மிஷின் வேணாம், கையால தைச்சுக் குடு."

"கையால தைச்சாலும் தொழில்தானுங்களே."

கிராணியின் முகம் கறுத்தது. "செல்லம் ஒனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

செல்லம் நல்ல பெண். வழியில் பார்த்தால் அக்கா என்று நின்று பேசுவாள். தைத்துக் கொடுத்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஒரு மாதத்து ஆத்திரம் விடவில்லை. ஒற்றைக்கை ரவிக்கையை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் போனதும், ஜெயித்துவிட்டோம் என்று புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டை விட்டுத் துரத்தக் கிராணிக்கு வேறு காரணமா கிடைக்காது? ரெங்கசாமி அவள் முகத்தைப் பார்க்காமல், பரண் மேலிருந்த தகரப்பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார்.