கப்பல் வராத காலத்து லீவு

காலை ஏழு மணிக்கே சனாவுல்லாவின் சாப்பாட்டுக் கடையில் ரயில்வே ஆட்கள் பெஞ்சுகளை நிறைத்துவிட்டார்கள். ஜப்பான்காரன் இந்த நாட்டைப் பிடித்து ஆண்ட காலம். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் முழுக்க அரிசித் தட்டுப்பாடு. அவித்த மரவள்ளிக்கிழங்கும் கறுப்புக் காப்பியும்தான் கடையின் மொத்த வியாபாரம். அந்தக் காப்பியைக் கலக்கும் உமர், முதலாளியின் மேசை முன்னால் கைகட்டி நின்றான்.

“பொஞ்சாதிக்குப் பிள்ளை பொறந்து அஞ்சு நாளு, மொதலாளி. ஜுரம் எறங்கல. கூட ஒரு பொம்பளை கெடையாது. பத்து நாள் லீவு குடுங்க.”

“லீவா? கப்பல் ஓடுதா?” என்றார் சனாவுல்லா.

அவர் கேலி செய்யவில்லை. கடையின் சட்டமே அதுதான். மூன்று வருடம் உழைத்தால் ஆறு மாதம் கடல் தாண்டிச் சொந்த ஊருக்குப் போகலாம். கப்பல் ஏறினால் லீவு, திரும்பி வந்து இறங்கினால் வேலை. வேறு லீவே கிடையாது. பிள்ளைப்பேறு, நோய்நொடி எல்லாம் ஊரிலுள்ள பெண்கள் பாடு. உமருக்கு மூன்று வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் சண்டை வந்து கப்பல் நின்றது. அதற்குச் சற்று முன்னால் அவன் ஊரிலிருந்து வரவழைத்த மனைவி சௌதாவும் இங்கேயே மாட்டிக்கொண்டாள்.

“எனக்கு வர வேண்டிய ஆறு மாசத்துலதான் கேக்குறேன்.”

“கப்பல் வரட்டும், முழுசா எடுத்துக்க. எனக்கும்தான் நாலு பிள்ளை. ஒரு தடவையாச்சும் கடையைப் போட்டுட்டு ஓடினேனா? போ லா, கூட்டம் நிக்குது.”

உமர் போய் அடுப்படியில் நின்றான். மறுநாளும் வந்தான். அதற்கடுத்த நாள் வரவில்லை. சனாவுல்லாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆளைக் கையோடு இழுத்து வருவதென்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஆற்றோரத்து ஒற்றை அறையில் சௌதா கண் திறக்காமல் “உம்மா, உம்மா” என்று முனகிக்கொண்டிருந்தாள். அவளுடைய உம்மா கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். உமர் ஒரு கையில் அழும் குழந்தையும் மறு கையில் ஈரத் துணியுமாகத் தவித்தான்.

“செத்த நேரம் பிடிங்க மொதலாளி, கஞ்சி பொங்குது.”

குழந்தையை அவர் கையில் வைத்துவிட்டு ஓடினான். சனாவுல்லா அதைத் தட்டு ஏந்துவதுபோல் ஏந்தினார். அதன் தலை பின்னால் தொங்கியது.

“தலைக்குக் கீழ கை குடுங்க!” அதுவரை முதலாளியிடம் குரல் உயர்த்தாத உமர் கத்தினான்.

நாலு பிள்ளைக்கு வாப்பாவான மனிதருக்கு அது தெரியவில்லை. ஒவ்வொரு பிறப்பும் அவருக்குக் கடிதமாகத்தான் வந்தது. அவர் ஊர் போய்ச் சேரும்போது பிள்ளை நடந்துகொண்டிருக்கும். தன் மனைவி முத்து பீவிக்கும் இப்படி ஜுரம் அடித்ததா, யார் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள்? ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

“தங்கச்சி எந்திரிச்சு நடக்குற வரைக்கும் நீ கடைப்பக்கம் வராத,” என்றார்.

பதினோரு நாள் அவரே காப்பி கலக்கினார். குடித்தவர்கள் முகம் சுளித்தார்கள். குடிக்காமல் போனவர் யாரும் இல்லை. சமையற்காரர் தாவூத் பாத்திரமும் சேர்த்துக் கழுவினார். பன்னிரண்டாம் நாள் உமர் வந்தான். ஜுரம் விட்டு, சௌதா பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுத் தானும் கஞ்சி குடித்தாளாம்.

“நல்லது மொதலாளி. ஆனா நாளைக்கு எனக்கும் இப்படி ஒண்ணு வந்தா? ஆளாளுக்கு லீவு குடுத்தா கடை தாங்குமா?” என்று கேட்டார் தாவூத்.

சனாவுல்லா காப்பிக் குவளையை உமரிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“ஒனக்கும் உண்டு. மத்தவங்க பங்கு போட்டுச் செய்வோம். இத்தன வருசமா இந்தக் கடையத் தாங்கினது நாம இல்ல தாவூத்து, ஊர்ல இருந்த பொம்பளைங்க. இனிமே அந்தப் பாரத்துல நம்ம பங்கை நாமளும் தூக்கணும். வீட்டுல ஆள் விழுந்து கெடக்கிறப்போ லீவு குடுக்காத கடை, எத்தன நாள் தொறந்திருந்து என்ன புண்ணியம்?”